பைக்குள் அடங்கும் பழைய 4 × 5 கேமரா: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பெரிய ஃபிலிமில், அதாவது 4 × 5 அங்குலத் தாளாக வரும் ஷீட் ஃபிலிமில், படம் எடுக்க ஆசை, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றவும் வேண்டும். இப்படிக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் எடையைத்தான் விசாரிக்கிறார்கள். நான் கேட்பது வேறு: மடக்கினால் லென்ஸ் உள்ளேயே இருக்குமா?

படி 1: எந்த வகை?

வெளியே தூக்கிப்போக மடக்கும், மரத்தால் செய்த ஃபீல்ட் கேமராக்கள் எடை குறைவு, அழகும் கூட. ஆனால் பலவற்றில் லென்ஸைக் கழற்றினால்தான் மடக்க முடியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் மூன்றாவது நாள் கேமரா அறையிலேயே தங்கிவிடும். அதனால் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது பிரஸ் கேமரா. பத்திரிகைக்காரர்கள் ஓடி ஓடி எடுப்பதற்காகச் செய்தது. லென்ஸ் உள்ளே போய்விடும், முன்கதவை மூடினால் ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

இதில் என் தேர்வு க்ரவுன் கிராஃபிக். அமெரிக்காவின் ராசெஸ்டரில் கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் 1947 முதல் 1973 வரை செய்தது. இதன் அண்ணன் ஸ்பீட் கிராஃபிக்குக்குத்தான் பெயர் அதிகம். 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி ஏற்றிய படத்தை ஜோ ரோசந்தால் எடுத்தது ஸ்பீட் கிராஃபிக்கில்தான். அதில் ஃபிலிமுக்கு முன்னால் 1/1000 நொடி வரை போகும் துணி ஷட்டர் ஒன்று கூடுதலாக உண்டு. அதனாலேயே பெட்டி தடிமன், எடையும் கூட. ஷட்டர் இல்லாத பழைய லென்ஸ்களை மாட்டும் யோசனை இருந்தால் அது சரி. இல்லையென்றால் வீண் சுமை. ஜெர்மனியின் லின்ஹாஃப் டெக்னிகா இவற்றைவிட நுணுக்கமானது. விலையைக் கேட்டதும் நான் ஒதுங்கிவிட்டேன்.

க்ரவுனில் லென்ஸ் இருக்கும் முன்பக்கத்தை மேலே ஏற்றலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம், பின்னால் சாய்க்கலாம். பின்பக்கம் அசையாது. கோபுரத்தைச் சாயாமல் எடுக்க ஏற்றம் ஓரளவு போதும்.

படி 2: பின்பக்கம்

பழையவற்றில் ஸ்ப்ரிங் பேக் இருக்கும், ஷீட் ஃபிலிமை வைக்கும் தட்டையான ஹோல்டர் மட்டும் நுழையும். 1949 முதல் வந்த கிராஃப்ளாக் பேக்கில், படம் விழுவதைப் பார்த்து ஃபோகஸ் செய்யும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸைக் கழற்றிவிட்டு ரோல் ஃபிலிம் பேக்கும் மாட்டலாம். இரண்டும் கிடைத்தால் கிராஃப்ளாக்கை எடுங்கள்.

படி 3: பெல்லோஸ்

லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக நீளும் உறைதான் பெல்லோஸ். இங்கேதான் நான் ஏமாந்தேன். "பெல்லோஸ் நல்லா இருக்கு" என்று விற்றவர் சொன்னதை நம்பி வாங்கினேன். முதல் ஆறு படங்களிலும் ஒரே மூலையில் வெள்ளைப் புகை. சோதிப்பது சுலபம்: அறையை நன்றாக இருட்டாக்குங்கள். பெல்லோஸை முழுசாக நீட்டி, லென்ஸ் மாட்டியிருக்கும் பலகையை (லென்ஸ் போர்டு) கழற்றி, மொபைல் டார்ச்சை உள்ளே விட்டு மடிப்பின் மூலைகளை வெளியிலிருந்து பாருங்கள். ஒன்றிரண்டு ஊசித்துளை என்றால் துணிக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட் தடவி அடைக்கலாம். வானத்து நட்சத்திரம் போல் மின்னினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சோதனையின் படத்தைக் கேளுங்கள்.

படி 4: லென்ஸும் ஷட்டரும்

க்ரவுனோடு பெரும்பாலும் வருவது 127 அல்லது 135 மி.மீ., எஃப் 4.7 லென்ஸ். 135 என்பது சாதாரண 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 40 மி.மீ. லென்ஸின் பார்வைக்குப் பக்கம், பயணத்துக்கு அது ஒன்றே போதும். 127 தரும் பிம்பம் இந்த ஃபிலிமை மட்டுமட்டாகத்தான் மூடும், முன்பக்கத்தை அதிகம் ஏற்றினால் படத்தின் மூலை கறுக்கும்.

ஷட்டரை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். எண்ணெய் காய்ந்திருந்தால் நடுவில் திக்கி நிற்கும். 1/50, 1/100 சரியாக ஓடினால் பகல் வெளிச்சத்தில் சமாளிக்கலாம், ஆனால் சுத்தம் செய்யும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அப்புறம், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்க்காரர்கள் அந்த லென்ஸை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு ஒத்துப்போகாவிட்டால் கவலை வேண்டாம். முக்காலியில் வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, கிரவுண்ட் கிளாஸில் ஃபோகஸ் செய்தால் அது தேவையே படாது.

படி 5: மொத்தச் சுமை

கேமரா லென்ஸோடு சுமார் இரண்டரைக் கிலோ. ஒரு ஹோல்டரில் இரண்டு ஷீட். ஆறு ஹோல்டர் எடுத்தால் பன்னிரண்டு படம், எடை ஒரு கிலோவுக்குப் பக்கம். முக்காலி, லூப் (ஃபோகஸ் பார்க்கும் உருப்பெருக்கி), துணி எல்லாம் தனி. பணம் கொடுக்கும் முன் அதே எடைக்குப் புத்தகங்களைப் பையில் போட்டு, ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். தோள் வலித்தால் முதல் பயணத்துக்கு மூன்று ஹோல்டர் போதும்.

விமானத்தில் ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. கைப்பையைச் சோதிக்கும் சி.டி. ஸ்கேனரும் ஃபிலிமைக் கெடுக்கும், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிளம்பும் முன், வீணான ஒரு ஷீட்டை வைத்து ஹோல்டரில் ஏற்றிப் பழகுங்கள். முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. ஷீட்டை நெட்டுவாக்கில் பிடிக்கும்போது அதன் ஓரத்து வெட்டுக்குறி மேல் வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், ஒளிபட வேண்டிய மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது.