மாடி ஜிபிஎஸ் ஆண்டெனாவுக்கு டேப்பைக் கீழிருந்து சுற்றுங்கள்

மாடியில் வைக்கும் ஜிபிஎஸ் ஆண்டெனாவின் கேபிள் இணைப்பில் டேப்பை எப்போதும் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். செட்டிநாட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குவது போல ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் பாதி ஏறி நிற்கும். ஐப்பசி மழை வழிந்து போகும், மடிப்புக்குள் நுழையாது. முதலில் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் செல்ஃப் ஃபியூசிங் ரப்பர் டேப், அதன்மேல் வெயிலுக்குக் காப்பாகக் கறுப்பு பிவிசி டேப். பிவிசி மட்டும் போட்டால் காரைக்குடி சித்திரை வெயிலில் பசை இளகி உரிந்துவிடும். அப்புறம், கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். நீர் அங்கேயே சொட்டிவிடும்.

சிக்னல் பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) உள்ள ஆண்டெனாவுக்கு 3 அல்லது 5 வோல்ட் மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. அதனால் சிறிது ஈரம் புகுந்தாலும் இணைப்பு பச்சை பூத்து அரிக்கும், ஏற்கெனவே மெலிந்த 1575.42 மெகாஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் சிக்னல் இன்னும் குறையும். புளிப்பு வாடை வரும் சிலிகான் பசையைத் தடவவே வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பைத் தின்னும்.

ஈரம் ஏற்கெனவே புகுந்த கேபிளில் இப்படிச் சுற்றினால் நீரை உள்ளே பூட்டியதாகிவிடும். கனெக்டரை மாற்றிய பிறகே சுற்றுங்கள். ஆண்டெனாவோடு சேர்த்தே வார்த்த கேபிள் என்றால் டேப் தேவையில்லை, வளைவு போதும். இடி மின்னலுக்கு இது காப்பு அல்ல, அதற்கு எர்த் இணைத்த சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மிகை மின்னழுத்தத்தைத் தரைக்குக் கடத்தும் கருவி) தனியாக வேண்டும்.