எக்ஸிட் ஃபீ கட்டாமல் கரண்ட், கேஸ் பிளான் மாறுவது: பிரிட்டனில் நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குள் போனதும் பெற்றோர்கள் வெளியே ஹாலில் உட்கார்ந்திருப்போம். பிளாஸ்கில் டீ இருக்கும், வீட்டு பில்கள் பற்றிய பேச்சும் தானாக வந்துவிடும். போன மாதம் ஒரு அக்கா பக்கத்து நாற்காலிக்கு வந்து கைபேசியை நீட்டினார்.

"தம்பி, என்ர கொன்ட்ராக்ட் முடிய இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. புதுக் கொம்பனி மலிவாத் தருது. மாற எப்பிடியும் நாள் எடுக்கும்தானே, இப்பவே போட்டு விடட்டே?"

வேண்டாம் என்று சொல்லி, அவர் விரல் பட்டனில் படும் முன்பே கைபேசியை வாங்கிக்கொண்டேன். 2025 ஜனவரியில் நானும் இதையேதான் நினைத்தேன், எக்ஸிட் ஃபீயாக, அதாவது ஒப்பந்தம் முடியும் முன்பே கிளம்பியதற்கான கட்டணமாக, 150 பவுண்டு போனது. அதற்கப்புறம் இந்த ஹாலில் மட்டும் நாலைந்து பேர் இதே கணக்கைப் போட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், மீட்டர் எண்ணைச் சரியாகக் கொடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் கட்டுப்பாட்டு அமைப்பே வேறு.

எல்லா பிளானுக்கும் எக்ஸிட் ஃபீ உண்டு என்று பயப்படுவது

கிடையாது. முடிவுத் தேதி இல்லாத, விலை ஏறி இறங்கும் ஸ்டாண்டர்ட் வேரியபிள் டாரிஃபில் இருந்தால் எந்த நாளில் வேண்டுமானாலும் கிளம்பலாம், ஒரு பென்ஸ் கேட்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு விலை மாறாத ஃபிக்ஸட் டாரிஃபில்தான் இந்தக் கட்டணம் வரும், அதிலும் சில பிளான்களில் இருக்காது. பில்லில் டாரிஃபின் பெயர், முடியும் தேதி, எக்ஸிட் ஃபீ மூன்றும் அச்சாகியிருக்கும். அந்தப் பகுதியை ஒரு முறை படித்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.

மாற நாளாகும் என்று முன்கூட்டியே விண்ணப்பிப்பது

என் பணம் போன இடம் இதுதான். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும்.

விதி எளிமையானது. ஃபிக்ஸட் பிளான் முடிய 49 நாள் இருக்கும்போது எக்ஸிட் ஃபீ கேட்கும் உரிமை பழைய கம்பெனிக்கு இல்லாமல் போய்விடுகிறது. அந்த நாளிலிருந்து நீங்கள் தாராளமாக மாறலாம். கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான ஆஃப்ஜெம் அவற்றுக்குக் கொடுக்கும் உரிமத்திலேயே இந்த நிபந்தனை இருக்கிறது. அவர்களாகப் பார்த்துச் செய்யும் சலுகை என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

என் பிளான் முடியும் தேதி 2025 மார்ச் 31. அன்று திங்கட்கிழமை. 49 நாள் என்றால் சரியாக ஏழு வாரம், அதாவது அதே கிழமையில் ஏழு வாரம் பின்னால் போனால் போதும். பிப்ரவரி 10, திங்கட்கிழமை. விரல் விட்டு எண்ண வேண்டாம், காலண்டரில் அந்தக் கிழமையின் வரிசையிலேயே ஏழு கட்டம் ஏறுங்கள். இந்தக் கணக்கு எனக்கு அப்போதே தெரியும். தேதியைச் சரியாக எண்ணி வைத்திருந்தேன்.

அப்படியிருந்தும் தவறியது எப்படி? மாறுவதற்கு மூன்று வாரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் லண்டனுக்கு வந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. விண்ணப்பம் போட்டுவிட்டு மறந்துவிடுவோம், ஒரு நாள் புதுக் கம்பெனியிலிருந்து கடிதம் வரும். ஆகவே ஜனவரி 27 அன்று விண்ணப்பித்தால் பிப்ரவரி நடுவில்தான் மாறும், அதற்குள் 49 நாள் ஆரம்பித்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் 2022 ஜூலையிலேயே விதி மாறிவிட்டது. இப்போது ஐந்து வேலை நாட்களுக்குள் மாற்றி முடித்துவிடுகிறார்கள். என் கரண்டும் கேஸும் பிப்ரவரி 3 அன்று புதுக் கம்பெனிக்குப் போய்விட்டன. 49 நாள் ஆரம்பிக்க அப்போது இன்னும் ஒரு வாரம் இருந்தது. கரண்டுக்கு 75, கேஸுக்கு 75, மொத்தம் 150 பவுண்டு.

பழைய கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். தேதியைப் படித்துக் காட்டினார், நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் படித்துக் காட்டினார். அவர் பக்கம் தவறே இல்லை. ஏழு நாள் பொறுத்திருந்தால் அந்தப் பணம் வீட்டிலேயே இருந்திருக்கும் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. பழைய காலத்துக்குப் பொருந்திய நல்ல யோசனையை இன்றைக்கும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்பது அதைவிட உறுத்துகிறது. "அந்த 49 நாள் ஆரம்பிக்க ரெண்டு வாரம் முன்னாடியே போட்டு வைங்க" என்று இந்த ஹாலிலேயே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாற்றம் மெதுவாக நடந்த காலத்தில் அது சரி. இன்றைக்கு அப்படிப் போட்டால் உங்கள் விண்ணப்பம் நீங்கள் நினைத்ததைவிட முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே விண்ணப்பிக்கும் நாளே அந்த 49 நாளுக்குள் இருக்கட்டும். நான் இப்போது இரண்டு நாள் தள்ளியே போடச் சொல்கிறேன். மார்ச் 31 முடிகிறது என்றால் பிப்ரவரி 12. எண்ணிக்கையில் ஒரு நாள் பிசகினாலும் பாதகமில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. முடிவதற்கு 49 முதல் 42 நாளுக்குள் உங்கள் கம்பெனி உங்களுக்கு எழுதியாக வேண்டும்: பிளான் இந்தத் தேதியில் முடிகிறது, அப்புறம் எந்த விலைக்குப் போவீர்கள், என்னென்ன வழிகள் என்று. அந்தக் கடிதமோ மின்னஞ்சலோ வந்துவிட்டால் 49 நாள் ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இதை விளம்பரம் என்று நினைத்துப் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள், எனக்கு அங்கேதான் கிடந்தது.

முடியும் தேதியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. "போன வருஷம் ஏப்ரல் ஐந்தாம் தேதி சேர்ந்தேன், அப்போ இந்த ஏப்ரல் நாலு வரைக்கும்" என்று ஞாபகத்திலிருந்து சொல்வார்கள். சேர்ந்த நாள் வேறு, சப்ளை ஆரம்பித்த நாள் வேறு. சில பிளான்களில் நீங்கள் எப்போது சேர்ந்தாலும் எல்லோருக்கும் ஒரே முடிவுத் தேதி. பில்லில் அச்சாகியிருக்கும் தேதியை மட்டும் நம்புங்கள்.

"நல்ல விலை இப்போ இருக்கு, ரெண்டு வாரம் பொறுத்தா போயிடுமே?" என்று கேட்கலாம். அது நியாயமான பயம்தான். பல கம்பெனிகளின் விண்ணப்பத்தில் எந்தத் தேதியிலிருந்து சப்ளை வேண்டும் என்று கேட்பார்கள். அங்கே 49 நாளுக்குள் விழும் ஒரு தேதியைக் கொடுத்து, அதை எழுத்தில் உறுதிசெய்து வாங்குங்கள். உறுதி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

தாமதமாகிவிட்டால்? ஒன்றும் குடி மூழ்காது. முடிவுத் தேதி தாண்டினால் தானாக ஸ்டாண்டர்ட் வேரியபிளுக்குப் போவீர்கள். அதன் விலைக்கு ஆஃப்ஜெம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது மாறும். கொஞ்ச நாள் விலை கூடுதலாக இருக்கலாம், ஆனால் கிளம்பக் கட்டணம் கிடையாது. ஒரு வாரம் பிந்தினால் போவது சில பவுண்டு. ஒரு வாரம் முந்தினால் போவது 150.

கரண்டையும் கேஸையும் ஒரே ஒப்பந்தம் என்று நினைப்பது

ஒரே பில்லில் வந்தாலும் இரண்டும் தனித்தனி. கட்டணமும் தனித்தனி: விளம்பரத்தில் "50 பவுண்டு" என்று பார்த்தால், ஒரு எரிபொருளுக்கா இரண்டுக்குமா என்று கேளுங்கள். முதலில் கரண்டை மட்டும் மாற்றி, சில மாதம் கழித்து கேஸைச் சேர்த்த வீடுகளில் முடிவுத் தேதிகளே வேறாக இருக்கும். எங்கள் தெருவில் ஒரு நண்பர் கரண்டின் தேதியைப் பார்த்து இரண்டையும் மாற்றிவிட்டார். கேஸ் ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது.

எக்ஸிட் ஃபீயைக் கண்டதும் கணக்கே போடாமல் விடுவது

கட்டாமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் சில சமயம் கட்டிவிட்டுப் போவதே லாபம். எந்த மாதத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

ஒரு நடுத்தர வீட்டுக்கு ஆஃப்ஜெம் 2023 அக்டோபரிலிருந்து வைத்த கணக்கு: வருடத்துக்குக் கரண்ட் 2,700 யூனிட், கேஸ் 11,500 யூனிட். புது பிளானில் கரண்ட் யூனிட்டுக்கு 4 பென்ஸும் கேஸுக்கு ஒன்றரை பென்ஸும் குறைவு, பழைய ஒப்பந்தத்தில் ஆறு மாதம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். கரண்டில் 1,350 யூனிட்டுக்கு 54 பவுண்டு மிச்சம். இதுவரை சரி. கேஸ்தான் ஆளை ஏமாற்றும், ஏனென்றால் அது ஹீட்டிங் ஓடும் மாதங்களில்தான் போகிறது. அக்டோபரில் மாறுகிறீர்கள், குளிர்காலத்தில் 9,000 யூனிட் போகும் என்றால் 135 பவுண்டு மிச்சம். மொத்தம் 189, எக்ஸிட் ஃபீ 150 போனாலும் 39 பவுண்டு கையில் நிற்கும். இதையே ஏப்ரலில் செய்தால் கோடையில் கேஸ் 2,500 யூனிட்தான், மிச்சம் 37 பவுண்டு சொச்சம். மொத்தம் 91 சொச்சத்துக்காக 150 கட்டுவீர்கள்.

வருடச் சேமிப்பு இவ்வளவு என்று ஒப்பீட்டுத் தளங்கள் காட்டும் தொகையைப் பாதியாக்கி ஆறு மாதக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பழைய பில்களிலிருந்து அந்தந்த மாத யூனிட்டை எடுங்கள். யூனிட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள்தோறும் வரும் ஸ்டாண்டிங் சார்ஜையும் சேருங்கள். நாளுக்கு 10 பென்ஸ் வித்தியாசம் என்றால் ஆறு மாதத்தில் அது 18 பவுண்டு.

இருக்கும் கம்பெனியைக் கேட்காமலே கிளம்புவது

பல கம்பெனிகள் தங்களுடைய இன்னொரு பிளானுக்கு மாறினால் எக்ஸிட் ஃபீ கேட்பதில்லை. ஒரு போன் செய்து கேட்டால் போதும்.

14 நாளை மறந்துவிடுவது

புது ஒப்பந்தம் போட்ட பிறகு மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம், எக்ஸிட் ஃபீ இல்லை. சப்ளை ஆரம்பித்திருந்தால் ஓடின யூனிட்டுக்கு மட்டும் கட்ட வேண்டும். என் விஷயத்தில் இந்த வழியும் எனக்குத் தோன்றவில்லை. வாசலில் வந்து பேசியவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தவிக்கும் பெரியவர்களுக்கு இது முக்கியம். அப்பா அம்மா தனியாக இருந்தால் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

டைரக்ட் டெபிட்டை நீங்களே நிறுத்துவது

கடைசி பில் வரும்வரை கை வைக்காதீர்கள்.

கடைசி பில்லைப் படிக்காமல் விடுவது

மாறி ஆறு வாரத்துக்குள் பழைய கம்பெனி கடைசி பில்லை அனுப்ப வேண்டும். உங்கள் கணக்கில் நீங்கள் கூடுதலாகக் கட்டிய பணம் மீதி இருந்தால், பில் வந்த பத்து வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். எக்ஸிட் ஃபீ பெரும்பாலும் இந்த மீதியிலிருந்தே கழிக்கப்படும், அதனால்தான் பலருக்குத் தெரிவதே இல்லை. எனக்கு 212 பவுண்டு வர வேண்டியிருந்தது, 62 வந்தது. கோடையில் சேர்ந்திருந்த தொகை குளிரில் கரைந்திருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்தின் அடியில்தான் அந்த வரி இருந்தது.

மாறும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள், ஸ்மார்ட் மீட்டராக இருந்தாலும்.

49 நாளுக்குள் மாறியும் கட்டணம் பிடித்திருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். என் மைத்துனருக்கு அப்படித்தான் நடந்தது. அவர் முடிவுத் தேதி இருந்த கடிதத்தையும் புதுக் கம்பெனியின் தொடக்கத் தேதியையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து, "கம்ப்ளெயின்ட்" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டு அனுப்பினார். அந்தச் சொல் இருந்தால் அதை முறையான புகாராகப் பதிவுசெய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் பணம் திரும்பியது. எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் இத்தகைய புகார்களை நடுநிலையாகத் தீர்க்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குச் செலவில்லை.

அந்த அக்காவின் பில்லை அன்று ஹாலிலேயே திறந்து பார்த்தோம். விண்ணப்பம் போட இன்னும் பதினொரு நாள் இருந்தது. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறதாம், மகளுக்குப் போன் போட்டு அதில் அந்தக் கட்டத்தை வட்டம் போடச் சொன்னார். "சிவப்புப் பேனையால போடு, பிள்ளை."