ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நேரும் தவறுகள்

வாட்ஸ்அப் குழு இல்லாத சபையை இன்று காண்பது அரிது. அக்குழுக்களில் பகையினால் எழுதப்படுவதைவிட நல்லெண்ணத்தோடு எழுதப்படுவதே பலரைக் காயப்படுத்துகிறது என்பது என் கருத்து.

ஒரு சகோதரி தமக்குக் கருச்சிதைவு நேர்ந்ததை, அல்லது தம் மகன் குடிக்கு அடிமையாகிவிட்டதை, நம்பிக்கையான ஒருவரிடம் அழுதுகொண்டே சொல்லி ஜெபிக்கும்படி கேட்கிறார். கேட்டவர் அன்று மாலையே பெயர், ஊர், மருத்துவமனை, சில வேளைகளில் ஸ்கேன் படம் ஆகியவற்றோடு அதைக் குழுவில் ஜெபக் குறிப்பாகப் பதிவிடுகிறார். அங்கிருந்து அது உறவினர்களுக்கும், பெண் கொடுக்க எண்ணியிருந்த வீட்டாருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சகோதரி இனி யாரிடமும் தம் பாரத்தைச் சொல்லத் துணியமாட்டார் என்பதே இதில் எனக்குப் பெரிய வேதனை. அவர் யார் என்பதைத் தேவன் அறிந்திருக்கிறார். ஆகவே 'நம் சபையில் ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்' என்று எழுதினாலே போதும். பெயரை எழுத வேண்டுமானால் உரியவரின் சம்மதம் வேண்டும்.

'அவசர ஜெபம்' என்று வரும் செய்திகளை ஆராயாமல் அனுப்புவது அடுத்த தவறு. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான்கள் வசமானபோது, ஆப்கானிஸ்தானில் மிஷனரிகளுக்கு மறுநாளே மரண தண்டனை என்றொரு செய்தி பரவியது. அது பல ஆண்டுகளாக எண்ணிக்கை மட்டும் மாறிச் சுற்றிவந்த பொய்ச் செய்தி. அதே நாட்டில் 2007 ஜூலையில் தென்கொரியத் திருச்சபையினர் 23 பேர் கடத்தப்பட்டு, அவர்களில் இருவர் கொல்லப்பட்டது உண்மை. பொய்யைப் பரப்புகிறவர்கள் இத்தகைய உண்மையான துன்பத்தையும் பிறர் சந்தேகிக்கும்படி செய்துவிடுகிறார்கள். 'அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக' என்கிறது யாத்திராகமம் 23:1. தேதி இல்லாமல் 'நாளை' என்று மட்டும் சொல்லும் செய்தியையும், பலமுறை அனுப்பப்பட்டதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியையும் விசாரிக்காமல் அனுப்பாதிருங்கள்.

பிற சபையாரின் உபதேசத்தையோ ஒரு போதகரின் குறையையோ பேஸ்புக் பின்னூட்டத்தில் வைத்து வாதிடுவோரும் உண்டு. சகோதரன் நமக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' அதை உணர்த்தும்படி மத்தேயு 18:15 கூறுகிறது; அந்தத் தனிமை பொதுவெளியில் கிடைக்காது. நிவாரணப் பொருளைப் பெறுகிறவரின் முகம் தெரியப் படம் எடுத்துப் போடுவதும், வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கச் சொன்ன ஆண்டவரின் போதனைக்கு முரணானதே.

பிறருடைய அந்தரங்கத்தை ஏற்கெனவே பதிவிட்டிருந்தால், வாட்ஸ்அப்பில் ஏறத்தாழ இரண்டரை நாட்கள் வரை அதை எல்லோருக்குமாக நீக்கலாம். குழுவின் அட்மினும் நீக்க முடியும். நீக்கியபின் உரியவரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.