பணத்தைப் பற்றிப் படிக்கக் கேட்பவருக்கு எந்த நூலைக் கொடுப்பது?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒருவர் பணம், முதலீடு பற்றி நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், நமக்குப் பிடித்த நூலின் பெயர் உடனே வாயில் வந்துவிடுகிறது. அதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: வருமானம் எந்தெந்த மாதத்தில் வருகிறது, கடன் என்ன வட்டிக்கு நிற்கிறது. சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. பண விஷயத்தில் அந்த விதியை மறந்தால் வாசகரின் சேமிப்புக்கே சேதம் வரும்.

முதலீட்டு நூல்களில் பெரும்பாலானவை மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டெல்டா விவசாயிக்கோ குறுவை, சம்பா, தாளடி என்று அறுவடையை ஒட்டித்தான் பணம் வருகிறது. சம்பா நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டு, தொகை வங்கிக் கணக்கில் ஏறியதும், உரக்கடைப் பாக்கி, அறுவடை மெஷின் வாடகை, கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகையை மீட்கும் செலவு எல்லாம் வரிசைகட்டி நிற்கும். மாதாமாதம் இவ்வளவு ஒதுக்குங்கள் என்று தொடங்கும் நூலை அவரிடம் கொடுத்தால், இது நமக்கானது இல்லை என்று சில பக்கங்களிலேயே மூடிவைத்துவிடுவார், அவர்மீது குறை சொல்ல முடியாது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் எழுதிய 'புவர் எகனாமிக்ஸ்' நூலில் கென்ய விவசாயிகளைப் பற்றிய ஒரு பகுதி வருகிறது: அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போதே அடுத்த பருவத்து உரத்துக்குப் பணம் கட்ட வழிசெய்தபோது, உரம் வாங்கியவர்கள் கூடினார்கள். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நம் வயல்காரருக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது கடன். ஒரு லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியவர் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி மட்டுமே கட்டுகிறார். ஆண்டுதோறும் 36 விழுக்காடு லாபம் கிடைக்கும் என்று நேர்மையான எந்தப் பங்குச் சந்தை நூலும் உறுதி கூறாது என்பதால், அந்தக் கடன் அடையும்வரை அவருக்கு முதலீட்டு நூலே வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். ராபர்ட் கியோசாகியின் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' பலருக்குப் பணத்தைப் பற்றி யோசிக்கவே கற்றுக்கொடுத்த நூல்தான். ஆனாலும் கடன் வாங்கிச் சொத்துச் சேர்ப்பதை ஊக்குவிக்கும் அதன் போக்கு, ஏற்கெனவே வட்டியில் மூழ்கியிருப்பவருக்கு ஆகாது. அவருக்குத் தேவை வட்டிக் கணக்கைப் பழக்கும் எளிய நூல். இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஏலச்சீட்டில், இரண்டாம் மாதமே 25,000 ரூபாய் தள்ளி 75,000 ரூபாய் எடுத்தவர் உண்மையில் என்ன வட்டி கட்டுகிறார் என்பதைத் தாமே போட்டுப் பார்க்கும் அளவுக்கு அது கற்றுத்தர வேண்டும்.

கடன் தீர்ந்து, கையில் கொஞ்சம் மிஞ்சத் தொடங்கியவருக்குச் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' வரிசையில் முதல் நூலைக் கொடுக்கலாம். பங்கு என்றால் என்ன என்பதிலிருந்து தமிழில் தொடங்குகிறது. பெஞ்சமின் கிரஹாம் 1949இல் எழுதிய 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' ஆழமான நூல். இருந்தாலும் அதன் எடுத்துக்காட்டுகள் எல்லாம் அமெரிக்க நிறுவனங்கள் என்பதால் முதல் நூலாகக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போதும், சந்தையின் ஏற்ற இறக்கம் பற்றிய 8ஆம் அத்தியாயத்தையும், பங்கின் விலைக்கும் உண்மை மதிப்புக்கும் நடுவே விடும் பாதுகாப்பு இடைவெளி பற்றிய 20ஆம் அத்தியாயத்தையும் முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

எந்த நூலானாலும் பதிப்பாண்டைப் பார்க்காமல் கைமாற்ற வேண்டாம். மியூச்சுவல் ஃபண்டில் முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரியில்தான் வந்தன. அதற்கு முந்தைய நூலில் அவை இருக்காது. வங்கி வைப்புத்தொகைக்கான காப்பீடு 2020இல்தான் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானது. பங்குகளை நெடுநாள் வைத்திருந்து விற்ற லாபத்துக்கான நீண்டகால மூலதன ஆதாய வரி 2024 ஜூலையில் 10 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆக உயர்ந்தது. பழைய நூலின் சிந்தனை பயன்படும். அதிலுள்ள வரி, வரம்பு, கட்டண எண்களைப் பென்சிலால் வட்டமிட்டு, இன்றைய நிலையைப் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். அமெரிக்க நூல்களின் ஓய்வூதியக் கணக்கு அத்தியாயங்களைத் தாண்டிவிடச் சொல்லலாம்.

முதலீடு வேண்டாம், பொருளாதாரம் புரிந்தால் போதும் என்னும் கல்லூரி மாணவருக்கு எஸ். நீலகண்டனின் 'ஆடம் ஸ்மித் முதல் கார்ல் மார்க்ஸ் வரை' தமிழிலேயே கிடைக்கிறது.

ஆசிரியர் தம் நூலின் கடைசிப் பக்கங்களில் கட்டண வகுப்புக்கு அழைத்தால், அந்த நூலைப் பரிந்துரைக்கும் முன் முழுவதும் நீங்களே படித்துவிடுங்கள். படித்து முடித்தவர் எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டு வந்தால், இன்னொரு நூலை எடுத்து நீட்டாமல், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகரிடம் அனுப்புங்கள்; பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கும் முறையையும் கூடவே காட்டிக்கொடுங்கள்.