கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வரும் நர்ஸ் தங்கைகளுக்கு ஊசி போடவும் டிரிப் ஏற்றவும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படித்துத்தான் வருகிறார்கள். மதுரையில் 22 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் துணி. பலமாக அடிபட்டு வருபவரின் உடையை அகற்றித்தான் காயம் தேட வேண்டும். அதில் தயக்கம் கூடாது. ஆனால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் திரையை இழுத்துவிடுங்கள், போர்வையைப் பக்கத்தில் வையுங்கள். மார்பைப் பார்த்து முடித்தால் அதை மூடிவிட்டுக் காலுக்குப் போங்கள். நினைவில்லாதவரானாலும் "அம்மா, சேலையை வெட்டப் போகிறேன்" என்று சொல்லிவிட்டே வெட்டுங்கள்.

மேலூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர் மினி பஸ்ஸிலிருந்து விழுந்து, தோள்பட்டை இறங்கி வந்தார். அந்த வலியிலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பேத்தி தைத்துக் கொடுத்த ரவிக்கை தாயி, வெட்டாதே" என்றார். கையைத் தூக்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். துணியில் கத்தரி படாமல் தோள் தையலை மட்டும் பிரித்தெடுத்தேன். "மறுபடி ஓட்டிவிடலாம் அப்பத்தா" என்று காட்டியதும் கையை விட்டார். தையலைப் பிரிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உயிர் ஊசலாடும்போது தையல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது வேறு.

இ.சி.ஜி. எடுக்கும்போது தாலியை நீங்களாக ஒதுக்காதீர்கள். "கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கையிலேயே கொடுங்கள். ஸ்கேனுக்காகக் கழற்ற வேண்டியிருந்தால், முதலில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு பிறகு கழற்றச் சொல்லுங்கள். என் மேசை டிராயரில் பஞ்சு இல்லாத நாள் உண்டு, மஞ்சள் கயிறு இல்லாத நாள் கிடையாது.

அடுத்தது, என் தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அரளி விதை அரைத்துக் குடித்துவிட்டு வந்த பெண்ணிடம் மாமியார், நாத்தனார் எல்லாரும் சூழ நிற்க, "எதற்காகக் குடித்தாய்?" என்று அதட்டினேன். வாந்தி பேதி என்று சாதித்துவிட்டாள். உண்மை தெரிய அரை மணி நேரம் வீணானது. இப்போது உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, "என்ன, எப்போது, எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறேன். 'ஏன்' என்பது அன்றைக்கு நம் கேள்வி அல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 'அரளி கேஸ்' என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடும் பழக்கத்தையும் விடுங்கள், பெயர் இருக்கிறது.

அரளி குடித்தவர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். "தெளிந்துவிட்டாளே, கூட்டிப்போகிறோம்" என்பார்கள். அந்த விஷம் இதயத் துடிப்பைத் திடீரெனக் குலைக்கும், அதனால்தான் மானிட்டரில் வைத்திருக்கிறோம் என்று திரையைக் காட்டிச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுக் கிளம்பத் துடிப்பவர்களில் பலர் அதன்பிறகு உட்கார்ந்துவிடுவார்கள்.

பாம்புக்கடியிலும் இதே கதைதான். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று தெரியும். வெளியே நிற்பவர்கள் கண்ணுக்கோ, நர்ஸ் குழாயை வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறாள்! வயற்காட்டிலிருந்து சேறு காயாத காலோடு ஓடிவந்த அண்ணனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? கடிகாரத்தைக் காட்டி, "பத்தே காலுக்குச் சாய்த்துப் பார்ப்போம் அண்ணே" என்று நேரத்தைச் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய்ப் பாருங்கள்.

தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கமிருந்து மாடு குத்திய பையன்கள் வருவார்கள். கூடவே செல்போன்களும் வரும். காயத்தைப் படமெடுக்க விடாதீர்கள். பையன் யாரென்று அடையாளம் காட்ட ஒருவர் உள்ளே வந்தால் போதும்.

சாலை விபத்து என்றால் உறவினர் முதலில் கேட்பது பணத்தைத்தான். 2021இல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு செலவழிக்கிறது. அதற்கும் உச்சவரம்பு உண்டு. உங்கள் இடத்தில் என்ன நடைமுறை என்று தெரிந்துவைத்துக்கொண்டு, கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

இறப்பைச் சொல்வது மருத்துவர். பக்கத்தில் நிற்கப் போவது நீங்கள். நாற்காலியும் தண்ணீரும் முன்கூட்டியே இருக்கட்டும். "கொஞ்சம் சீரியஸ்" என்று யாரும் இழுக்க வேண்டாம். "இறந்துவிட்டார்" என்ற சொல் காதில் விழாதவரை அவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள். முகத்தைத் துடைத்து, கண்ணை மூடிவிட்ட பிறகு உள்ளே விடுங்கள். பிரேதப் பரிசோதனை உண்டென்றால் அழுகை ஓய்ந்ததும் சொல்லலாம். போலீஸ் கேஸ் என்றால் துணியும் சாட்சியம், தனியாகக் கட்டிவையுங்கள்.

இறந்தவரின் சுருக்குப்பையை இருவர் முன்னால் அவிழ்த்து, உள்ளதை எண்ணி எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். வெற்றிலை வாடியிருக்கிறதே என்று நீங்களாக எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.