துண்டுக் கண்ணாடிக் கட்டுப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் கட்டுப்பாட்டுப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சிலர், பெரிய தொலைநோக்கிகளின் துண்டுக் கண்ணாடியை, அதாவது பல துண்டுகளைச் சேர்த்து ஒரே கண்ணாடிபோல் இயக்குவதை, இறுதியாண்டுத் திட்டமாக எடுக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் தவறுகள் எங்கள் காலத்துத் தவறுகளேதான். அலகு மாறுவது, குறி தப்புவது எல்லாம் தானாகப் பிடிபடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

அணியை அப்படியே தலைகீழாக்குவது

ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியின் 10 மீட்டர் கண்ணாடியில் 36 துண்டுகள். அவற்றை நகர்த்த, துண்டுக்கு மூன்று வீதம் 108 ஆக்சுவேட்டர்கள் (தள்ளுகருவிகள்). விளிம்புகளின் உயர வேறுபாட்டை அளக்க 168 சென்சார்கள். அவை அக்கம்பக்கத்தை மட்டும் ஒப்பிடுவதால், கண்ணாடி முழுதும் சேர்ந்து உயர்ந்தாலோ சாய்ந்தாலோ தெரியாது. அப்படி மூன்று அசைவுகள். குவியத்தை மாற்றும் அசைவும் மங்கலாகத்தான் தெரியும். எந்த ஆக்சுவேட்டர் அசைந்தால் எந்தச் சென்சார் எவ்வளவு மாறும் என்ற எண் அட்டவணைதான் இங்கே அணி (matrix); அதைத் தலைகீழாக்கித்தான் (inverse) சென்சார் அளவுகளிலிருந்து கட்டளைகளைக் கணக்கிடுவார்கள்.

போன மாதம் பாயான் லெப்பாஸில் ஒரு தம்பி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். "அண்ணே, பிழை பூச்சியத்துக்கே வந்துடுச்சு!" வராமல் என்ன செய்யும்? கண்ணாடியின் மாதிரியிலும் கட்டுப்படுத்தியிலும் ஒரே அணியைப் போட்டிருந்தார். கண்ணாடிப் பக்கத்து அணியில் மட்டும் சின்னப் பிழைகளைத் தூவச் சொன்னேன். சில ஓட்டங்களில் குவியப் பிழை வளர்ந்துகொண்டே போனது.

மங்கலான அசைவின் சிங்குலர் மதிப்பு, அதாவது அது சென்சார்களில் எவ்வளவு பலமாகத் தெரிகிறது என்ற எண், மிகச் சிறியது. தலைகீழாக்கும்போது அதுவே பெரிய பெருக்கமாகி, சென்சார் இரைச்சலையும் ஊதிவிடும். அணியிலுள்ள பிழை அந்தச் சிறு மதிப்பைத் தாண்டினால் குறியே மாறலாம். திருத்த வேண்டிய கட்டளை இன்னும் தள்ளிவிடும். அளந்தெடுத்த அணியில் இன்னொரு பொறியும் உண்டு. சென்சார்களுக்குத் தெரியாத அந்த மூன்று அசைவுகளுக்குப் பூச்சியமாக இருக்க வேண்டிய மதிப்புகளும் இரைச்சலால் பூச்சியமாக இருக்காது. மென்பொருள் தானாக வைக்கும் வரம்பில் அவை வெட்டுப்படாமல் தப்பிவிடும். வரைபடம் அழகாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

அந்த மூன்றையும் கணக்கிலிருந்து நீங்களே வெட்டுங்கள். குவியத்துக்குக் குறைந்த ஆதாயம் (gain, பிழைக்கு எவ்வளவு பலமாகத் திருத்துவது என்ற அளவு) கொடுத்து, நட்சத்திர ஒளியை வைத்து அவ்வப்போது திருத்துங்கள். சின்னப் பிழைகள் தூவிய அணிகள் பலவற்றில் ஓட்டிப் பார்த்த பிறகே வரைபடத்தை நம்புங்கள்.

ஒரு துண்டில் சோதித்துவிட்டு நகலெடுப்பது

ஐரோப்பாவின் இஎல்டி (ELT) எனும் மாபெரும் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடிக்கு 798 துண்டுகள். தாங்கும் சட்டமோ ஒன்றுதான். ஒரு துண்டைத் தள்ளும் விசை சட்டத்தின் வழியே மற்றவற்றுக்கும் போகும். தனித்துண்டில் அமைதியாக இருந்த ஆதாயம், எல்லாம் சேரும்போது சட்டத்தின் அதிர்வைக் கிளப்பிவிடக்கூடும்.

இதழ்களை மறப்பது

இஎல்டியின் நான்காம் கண்ணாடியான எம்4 2.4 மீட்டர் அகலம், உருவத்தை மாற்ற 5,000க்கும் மேற்பட்ட ஆக்சுவேட்டர்கள். ஆனால் அது ஆறு இதழ்களால் ஆனது. இதழ்களுக்கு இடையே வரும் உயரப் படியை, ஒளியலையின் வடிவத்தை அளக்கும் அலைமுகச் சென்சார் தவறாகப் படிக்கலாம். அதைத் தனியாகக் கவனியுங்கள்.

செத்த சென்சார்

சில சென்சார்களை அணைத்துவிட்டும் ஓட்டிப் பாருங்கள்.