கோரையைப் பிடுங்கி வரப்பில் போட்டால் மட்டும் போதாது

ஆகஸ்ட் மாதக் கடைசியில் எங்கள் ஊர்ச் சாலை முழுக்கக் காவி உடுத்தியவர்கள் நடந்து போவார்கள். 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். தரங்கம்பாடிப் பக்கம் நாங்கள் லுத்தரன் என்கிற புராட்டஸ்டன்ட் சபை என்றாலும், நடந்து வருகிறவர்களுக்கு வாசலில் மோர்ப் பானை வைப்பது அப்பா காலத்திலிருந்து வழக்கம். சில வருடங்களுக்கு முன் மோர் வாங்கிய ஒருவருக்கு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தினமும் குடித்தவராம். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்ட அன்றே அடியோடு நிறுத்திவிட்டார். அன்றைக்கு இரண்டாம் நாள். வெயில்தான் காரணம் என்றார்கள் கூட வந்தவர்கள். அரை மணி நேரத்தில் எங்கள் திண்ணையிலேயே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. 108-ஐ அழைத்து அனுப்பி வைத்தோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அந்த மனிதரிடம் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த எங்களுக்குத்தான் விஷயம் தெரியவில்லை. அதனால்தான், குடி, போயிலை மாதிரிப் பழக்கத்தை விடும்போது நாம் செய்கிற தவறுகளை எழுத உட்கார்ந்தேன்.

நேர்ந்துகொண்டால் உடம்பும் கேட்டுக்கொள்ளும் என்று நினைப்பது

பொருத்தனை மனசுக்குப் பலம் தரும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருடக்கணக்கில் தினமும் சாராயத்துக்குப் பழகிய மூளையும் நரம்பும் திடீரென்று அது இல்லாமல் போனால் தடுமாறும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை சிலருக்குப் பிதற்றல் வரும், இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும், ஜுரம் ஏறும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து எண்ணெய் பூசி ஜெபித்துக்கொண்டே இருந்துவிடுகிற வீடுகள் உண்டு. ஜெபியுங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் உட்கார்ந்து ஜெபியுங்கள்.

தினக்குடிகாரர் நிறுத்த நினைத்தால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள், பி1 வைட்டமின் ஏற்றுவார்கள். ஒரு வாரம் போலத் தாண்டிவிட்டால் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் கழிந்துவிடும். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம், போதைப் பழக்கத்துக்கென்றே அரசு வைத்திருப்பது அது.

வீட்டுக்காரர்கள் செய்கிற தவறு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை என்று எங்கேயோ வாங்கி, அவருக்குத் தெரியாமல் குழம்பிலோ காபியிலோ கலந்து கொடுப்பது. அந்த வகை மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் வரைக்கும் பாதிக்கலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். அக்கா, அண்ணி, அம்மா யாராக இருந்தாலும் சரி, உங்கள் கண்ணீர் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்.

பிடுங்கிவிட்டு வெறுமனே விடுவது

எனக்குக் குடி கிடையாது. எனக்கு இருந்தது போயிலை. நடவு நாளில் வரப்பில் உட்கார்ந்து பழகியது. கும்பகோணம் வெற்றிலையைத் தொடையில் வைத்துத் துடைத்து, காம்பைக் கிள்ளி, நகத்தால் நரம்பை உரித்து, சுண்ணாம்பைத் தடவி, சீவலை அள்ளி வைத்து, மேலே ஒரு துண்டு போயிலை. மடித்து இடது கன்னத்தில் அடக்கியதும் தலை லேசாகக் கிறுகிறுக்கும். கடன்காரன், மழை, உர விலை எல்லாம் ஒரு பத்து நிமிஷம் எட்டிப் போய் நிற்கும். 14 வருடம் இப்படிப் போட்டேன். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தடித்துவிட்டது.

ஒரு லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், 40 நாளும் தொடவில்லை. சபையில் எல்லாரும் பாராட்டினார்கள். ஈஸ்டர் அன்றைக்கு மத்தியானம், பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன்னே மறுபடி போட்டேன். அதற்கப்புறம் முன்னைவிட அதிகமாகவே போட்டேன்.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. வயலில் கோரையைப் பார்த்திருப்பீர்கள். மேலோடு அறுத்துப் போட்டால் நாலாம் நாளே ஊசி ஊசியாகத் தலையை நீட்டும், கிழங்கு கீழே இருக்கிறதே. நன்றாக உழுது, தண்ணீரைக் கட்டி, நெருக்கமாகப் பயிர் நின்று நிழல் விழுந்தால்தான் அது அடங்கும். மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிற வீடும் அதுதான். அசுத்த ஆவி போய்விட்டது, வீடு பெருக்கி அலங்கரித்து இருக்கிறது, ஆனால் உள்ளே குடியிருக்க யாரும் இல்லை. போனது தன்னைவிடக் கெட்ட ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. நான் அந்த 40 நாளும் வீட்டைப் பெருக்கினேன், அவ்வளவுதான். போயிலை எனக்குச் செய்துகொண்டிருந்த வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

அது செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னவர் எங்கள் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம். சாப்பிட்டதும் ஓய்வாக உட்காருவதற்கு ஒரு சாக்கு. பக்கத்து வயல்காரரோடு பேச ஒரு சாக்கு. கடனை மறக்கும் பத்து நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தில் ஒன்றை நட்டேன். சாப்பாட்டுக்குப் பின் வாயில் ஒரு கிராம்பு. பக்கத்து வயல்காரரோடு பேச்சை நிறுத்தவில்லை, வெற்றிலைப் பெட்டியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். கடன் கணக்கை ஒளிக்காமல் மனைவியிடம் காட்டி, இரண்டு பேரும் சேர்ந்து அதை வைத்து ஜெபித்தோம். வாய் நமநமவென்று இருக்கும்போது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றைப் பாடுவேன். பாடுகிற வாயில் போயிலையை அடக்க முடியாது. ஒரு தவிப்பு கிளம்பினால் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். இரண்டு பாட்டுக்கு மேல் தேவைப்பட்ட நாள் குறைவு.

போயிலையை விட்டுவிட்டேன், சீவல் மட்டும்தான் என்கிறவர்கள் கவனிக்கவும்: பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். வாயை அகலத் திறந்து மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடியவில்லை என்றால் தாமதிக்காமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜெபத்தைத் தலைவலி மாத்திரை மாதிரி விழுங்குவது

தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது எங்கள் தரங்கம்பாடியில்தான், 1715-இல். முந்நூறு வருடமாக வசனம் கேட்டு வளர்ந்த ஊர். எங்களுக்கு வசனம் தெரியாமல் இல்லை. ஆனால் தவிப்பு வந்ததும் ஒரு வசனத்தைச் சொல்கிறோம், ஐந்து நிமிஷத்தில் மனசு மாறவில்லை என்றால் "ஆண்டவர் என்னைக் கேட்கவில்லை" என்று எழுந்துவிடுகிறோம். போயிலை உடனே தந்ததை ஆண்டவரும் உடனே தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மறுநாளே கடைமடை வாய்க்காலில் தண்ணீரைத் தேடுகிறவன் டெல்டாக்காரனே இல்லை.

131-ஆம் சங்கீதத்தில் தாவீது தன் ஆத்துமாவைப் பால் மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறார். பால் குடிக்கிற குழந்தைக்கு இல்லை, பால் மறந்த குழந்தைக்கு. அந்த வார்த்தையின் அர்த்தம் என் தங்கச்சி தன் பையனுக்குப் பால் மறக்கடித்த வாரத்தில்தான் எனக்கு விளங்கியது. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டாள். முதல் ராத்திரி அவன் வாய் வைத்துப் பார்த்துவிட்டுக் கதறினான், அம்மாவையே கையால் அடித்தான். அவளும் அழுதுகொண்டே அவனைத் தோளில் போட்டு விடிய விடிய நடந்தாள். மூன்று ராத்திரி இப்படி. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் நான் போனபோது, அவன் அவள் மார்பில் கன்னத்தை வைத்து, தாலிக்கொடியை விரலில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தான். பாலைத் தேடவில்லை. அவளோடு இருப்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

ஆண்டவர் தருகிற ஆறுதல் இந்த வகை. முதல் மூன்று ராத்திரி அவர் விட்டுவிட்டுப் போன மாதிரியே தோன்றும். அந்த ராத்திரிகளில் நம்மைத் தோளில் போட்டு நடந்தவர் யார் என்பது பத்தாம் நாள்தான் தெரிகிறது. போயிலையை விட்டபோது எனக்கு முதல் வாரம்தான் மோசம். மூன்று நாலு வாரத்தில் உடம்பின் கேள்வி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. மனசு அமர்ந்து படுக்க அதைவிட அதிக நாள் பிடித்தது.

தவிப்பே பாவம் என்று பயந்து ஒளிப்பது

ஆசை வந்ததுமே "நான் இரட்சிக்கப்படவே இல்லையோ" என்று குலைந்து போகிறவர்கள் நம் சபைகளில் நிறைய. இயேசு 40 நாள் உபவாசத்துக்குப் பின் பசியோடு இருந்தார் என்றுதான் மத்தேயு எழுதுகிறார். பசியாக இருந்த நேரம் பார்த்துத்தான் சோதனைக்காரன் வந்தான். பசி பாவமாகவில்லை. வந்த தவிப்பை ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கும். முழுச் சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும் என்று இல்லை. வாயைக் காக்கத் தெரிந்த ஒருவர் போதும்.

அப்புறம் உடம்பு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்டபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். பட்டினியும் தூக்கமின்மையும் உள்ளவனுக்கு எந்தத் தீர்மானமும் நிற்காது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தவிக்கிறவர்கள் முதலில் ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பாருங்கள்.

விழுந்ததும் கோயில் பக்கம் போகாமல் இருப்பது

எனக்குத் தெரிந்து அதிகம் பேரை இழுத்துக்கொண்டு போனது இந்தத் தவறுதான். ஒரு நாள் சறுக்கிவிடும். வெட்கத்தில் அந்த ஞாயிறு ஆராதனைக்குப் போவதில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் கஷ்டமாகிவிடும். நாலாம் வாரம் பழைய கூட்டாளிகள்தான் கூட இருப்பார்கள். தன்னைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடன் பேதுருவை இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்து, சாப்பிட வாருங்கள் என்றுதான் கூப்பிட்டார். கேள்வி கேட்டது சாப்பிட்ட பிறகு.

குடியை விட்டவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு, பலர் வெளியே சொல்வதில்லை. சபையில் அப்பமும் பாத்திரமும் பகிர்கிற திருவிருந்தில் தருவது திராட்சரசம், அதுவும் மதுதான். ஒரு வாய் நாக்கில் பட்டாலே பழசு கிளம்பிவிடும் என்று பயந்து, காரணமும் சொல்லாமல், மாதக்கணக்கில் பந்திக்கு வராமலே இருந்த ஒரு அண்ணனை எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரை ஐயர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் அவர் அப்பத்தை வாங்கிக்கொண்டார், பாத்திரம் அவரைத் தாண்டி எனக்கு வந்தது.